கடிவாளம் படும் இடத்தில் ஒரு கம்பி

ஆத்தூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “மூன்று மாதக் குதிரைக் குட்டி, லாயத்துக் கம்பிக் கதவைக் கடித்துக்கொண்டிருந்தபோது மிரண்டு பின்னால் இழுத்துவிட்டது. கீழ்த்தாடை முனை முன்பற்களோடு தொங்குகிறது. சுழி சரியில்லாத குட்டி, விட்டுவிடு என்கிறார்கள். பிழைக்குமா?”

பிழைக்கும். இளங்குதிரைகளுக்கு அடிக்கடி நேரும் காயம் இது. குட்டி எதையும் வாயில் கவ்வும். பயந்தால் வாயைத் திறக்காது, தலையைத்தான் இழுக்கும். இதில் சுழிக்கு வேலையே இல்லை. அந்தியூர் ஆடிச் சந்தையில் சுழி பார்த்து விலை பேசுகிறார்கள், அது அவர்கள் பாடு. அடிபட்ட குட்டியைச் சுழியைச் சொல்லிக் கைவிடுவது மட்டும் கொடுமை.

பார்க்க ரத்தக்களறியாக இருந்தாலும் தாடைக்கு ரத்த ஓட்டம் அதிகம். எச்சிலும் தீவனமும் படும் இடமாக இருந்தும் எலும்பு நன்றாகவே கூடும். தொங்கும் சதையை அறுக்கக் கூடாது, ஆடும் பல்லைப் பிடுங்கவும் கூடாது. பால்பல்லுக்கு அடியில் நிரந்தரப் பல்லின் முளை இருக்கிறது.

சரி, எப்படிக் கட்டுகிறார்கள்? பச்சைக் குச்சியை வளைத்தால் வெளிவளைவுதான் முதலில் பிளக்கும், உள்வளைவு நெருங்கும். தாடையும் அப்படித்தான். குட்டி கடிக்கும்போது கீழ்த்தாடை முனை கீழ்நோக்கி அழுந்துகிறது. முறிவு, பல் இருக்கும் மேல்விளிம்பில் வாய் பிளக்கும், கீழ்விளிம்பில் இறுகும். ஆகவே கம்பியைப் பல் பக்கமே கட்டினால் போதும். மேலே பிளவு திறக்க முடியாதபோது, கடிக்கிற விசையே எலும்போடு எலும்பை அழுத்திச் சேர்க்கிறது! எலும்பை உடைத்த அதே தசைகள்தான் இப்போது அதைப் பொருத்திப் பிடிக்கின்றன. உலோகத் தகடோ திருகோ பல சமயம் தேவைப்படுவதில்லை.

ஈறோரமாக இரண்டு பல்லுக்கு நடுவே தடித்த ஊசியைக் குத்தி நுழைப்பார்கள். அதன் துளை வழியாக ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள துருப்பிடிக்காத கம்பியைச் செலுத்தி, ஊசியை உருவிவிடுவார்கள். கம்பி மட்டும் பல்லிடுக்கில் நிற்கும். முன்பற்களைச் சுற்றிய கம்பி, கடிவாளம் படுகிற பல்லில்லாத இடைவெளியைத் தாண்டி, கடைவாய்ப் பற்களில் முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவே போய்ப் பிடித்துக்கொள்ளும். இருபுறமும் முறுக்கி இறுக்கி, நாக்கைக் கிழிக்காதபடி நுனியை மடக்கி மூடிவிடுவார்கள். வளர்ந்த குதிரைக்குப் பல சமயம் லேசான மயக்க மருந்தும் நரம்பு மரப்பு ஊசியும் போட்டு, நிற்க வைத்தே செய்துவிடலாம்.

அப்புறம் டெட்டனஸ் ஊசி. குதிரைக்கு அந்த நோய் மிக எளிதில் வரும். குட்டி தாயிடம் குடித்தால் குடிக்கட்டும். குடிக்காவிட்டால் வாயில் பாலை ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். மூக்கு வழிக் குழாயில்தான் மருத்துவர் கொடுக்க வேண்டும். உங்களுக்குத் தலைவாசலிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, இன்றே கிளம்புங்கள். குதிரையின் வாயைத் திறந்து நிறுத்தும் கருவியும் இந்தக் கம்பியும் மாவட்டத்துக்கு ஒரு செட்டாவது அரசு வாங்கி வைக்க வேண்டும் என்பது என் கருத்து. பெரிய செலவே இல்லை.

ஆறு வாரத்தையொட்டிக் கம்பியை எடுத்துவிடலாம். இரண்டரை வயதில் நடுப்பற்கள் விழுந்து முளைக்கும்போது மறுபடி காட்டுங்கள். குதிரைப் பல் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வெளியே வந்துகொண்டே இருக்கும். எதிர்ப்பல்லோடு உரசித் தேயாவிட்டால் ஒன்று நீண்டுவிடும், அதை அவ்வப்போது அராவ வேண்டியிருக்கும்.