சீட்டை விட்டு எழும்பும் கணம்

திருகோணமலை உவர்மலையிலிருந்து பத்தாம் தரம் படிக்கும் ஒரு மாணவன் கேட்டிருக்கிறான்: "சேர், டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டி வீடியோ பாக்கிறன். மலை ஏறக்குள்ள ஒராள் சீட்ட விட்டு அசையாம இருந்தே உழக்குறார். இன்னொராள் எழும்பி நிண்டு சைக்கிள ரெண்டு பக்கமும் ஆட்டி ஆட்டிப் போறார். எழும்பி நிண்டா கெதியாக் களைச்சுப் போவாய் எண்டு அப்பா சொல்லுவார். அப்ப அவங்க ஏன் எழும்புறாங்க?"

அப்பா சொன்னது பாதி சரி. மற்றப் பாதி மிகவும் அழகானது. கோட்டை வாசலால் உள்ளே போய் கோணேசர் கோயில் வரை சைக்கிளில் ஏறிய எவருடைய காலுக்கும் அது தெரியும்.

முதலில் பள்ளிக்கூடக் கணக்கு. 60 கிலோ வீரர், 8 கிலோ சைக்கிள். 100 மீற்றர் போனால் 8 மீற்றர் உயரும் ஏற்றம், மணிக்கு 20 கிலோமீற்றர் வேகம். இதற்கு ஏறத்தாழ 340 வாற்று வலு வேண்டும். அதில் 300 வாற்று அளவில் புவியீர்ப்புக்கு எதிராக மேலே தூக்குவதற்கே போய்விடும். மிச்சம் காற்றுத் தடைக்கும் டயர் உராய்வுக்கும். சமதரையில் காற்றுத்தான் பெரிய எதிரி, ஏற்றத்தில் சொந்த உடம்பு. மலையேறும் வீரர்கள் ஒல்லியாக இருப்பதன் காரணம் இவ்வளவுதான்.

ஆனால் ஒரே நிறையுள்ள இரண்டு பேர் ஒரே வலுவுடன் ஏறினாலும் பார்வைக்கு வேறு வேறாகத் தெரிகிறார்களே, அது எப்படி? வலு என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. பெடலைத் தாங்கும் கிராங் கை 17 சென்ரிமீற்றர் நீளம் என்றால் பெடல் ஒரு சுற்றில் 1.07 மீற்றர் தூரம் போகிறது. நிமிடத்துக்கு 90 சுற்று உழக்கினால் 340 வாற்றுக்குச் சராசரியாக 22 கிலோ நிறை அளவு விசை போதும். 60 சுற்றுத்தான் உழக்கினால் 32 கிலோவுக்கு மேல் வேண்டும். இது சராசரி. பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது கால் கொடுக்கும் விசை சுற்றுக்கு அனேகமாக உதவாது. அந்தக் குறையை, பெடல் முன்பக்கம் இறங்கும் நேரத்தில் ஈடுகட்ட வேண்டும். அப்போது விசை சராசரியின் இரு மடங்கு அளவுக்குப் போகும். அதாவது 90 சுற்றில் 43 கிலோ, 60 சுற்றில் 65 கிலோ.

அந்த இரண்டாவது எண்ணை வீரரின் நிறையோடு வைத்துப் பாருங்கள். அவர் 60 கிலோ!

காலால் பெடலைக் கீழே தள்ளினால் பெடல் அதே விசையோடு உங்களை மேலே தள்ளுகிறது. 43 கிலோவுடன் தள்ளும்போது உடம்பின் மிச்ச நிறையைச் சீட்டும் ஹாண்டிலும் தாங்குகின்றன. 65 கிலோவுடன் தள்ள வேண்டி வந்தால் சீட்டில் நிறையே மிஞ்சாது, உடம்பு தானாக மேலே கிளம்பும். எழும்பி நிற்பது ஏதோ ஆவேசத்தில் நடப்பதாகத் தோன்றும். உண்மையில் பெடலில் வேண்டிய விசை சொந்த நிறையை நெருங்கும் இடத்தில் இயற்பியலே ஆளை எழுப்பிவிடுகிறது.

எழும்பி நின்றாலும் சொந்த நிறை 60 கிலோதானே, 65 எங்கிருந்து வரும்? வீட்டில் நிறை பார்க்கும் தராசு இருந்தால் அதில் ஏறி நின்று, பாரமான மேசையின் விளிம்பை அடிப்பக்கமாகப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். தராசு உங்கள் நிறையைவிடக் கூடக் காட்டும். சைக்கிளில் மேசையின் வேலையை ஹாண்டில் செய்கிறது. வலது கால் அமுக்கும்போது வலது கை ஹாண்டிலை மேலே இழுக்கிறது. கால் அமுக்குவது சைக்கிளை வலப்பக்கம் சரிக்கப் பார்க்கும், கை இழுப்பது இடப்பக்கம் சரிக்கும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ள, சைக்கிள் இடப்பக்கம் கொஞ்சம் சாய்கிறது. அடுத்த அரைச் சுற்றில் எல்லாம் மறுபக்கம். அந்த மாணவன் கண்ட ஆட்டம் இதுதான். கை, தோள், முதுகு, இடுப்பு வழியாக ஒரு விசை காலுக்கு இறங்கும் பாதை அது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

இதற்கு விலையும் உண்டு. சீட் தாங்கிய நிறையை இப்போது கால்கள் தாங்க வேண்டும், கையும் முதுகும் உழைக்க வேண்டும். அதனால் மிதமான ஏற்றத்தில் அதே வலுவுக்குக் கூட ஒட்சிசன் செலவாகும். அப்பா சொன்ன பாதி இது. செங்குத்தான ஏற்றத்தில், உச்ச முயற்சியில் போகும்போது அந்த வித்தியாசம் மிகவும் குறைந்துவிடுகிறது.

இருந்து கொண்டே வேகமாக உழக்குவதும் இலவசம் இல்லை. கால்களைச் சுழற்றுவதற்கே ஒட்சிசன் வேண்டும், பாரம் இதயத்திலும் நுரையீரலிலும் விழுகிறது. மெதுவாக, பாரமான கியரில் உழக்கினால் ஒவ்வொரு மிதிக்கும் விசை கூட வேண்டும். அதற்குச் சீக்கிரம் களைக்கும் விரைவுத் தசை இழைகளைக் கூப்பிட வேண்டி வரும், தசையில் சேமித்த சர்க்கரையான கிளைக்கோசனும் கெதியாகக் கரையும். ஆளுக்காள் பாணி மாறுவது, கணக்கை எந்த உறுப்பின் தலையில் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

2013 யூலை 14 அன்று டூர் டி பிரான்ஸில், வொந்து மலையில் கிறிஸ் ஃபுரூம் சீட்டை விட்டு எழும்பாமலே கால்களைச் சுழற்றி அல்பேர்ட்டோ கொன்டாடோரை விட்டு விலகிய காட்சியைத் தேடிப் பாருங்கள். கொன்டாடோரோ எழும்பி நின்று நடனமாடுவது போல ஏறுவதற்குப் பேர்போனவர். மிகேல் இந்துராயின் கிட்டத்தட்ட 80 கிலோ நிறையுடன், இருந்த இடத்தில் இருந்தபடியே ஒரே சீராக ஏறி, 1991 முதல் 1995 வரை ஐந்து முறை அந்தப் போட்டியை வென்றார். 57 கிலோ அளவே இருந்த மார்கோ பந்தானி எழும்பி நின்று, வளைந்த ஹாண்டிலின் கீழ்ப்பகுதியைப் பிடித்துக்கொண்டு பாய்வார். யான் உல்ரிச் பாரமான கியரை மெதுவாக அழுத்துவார், பக்கத்தில் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் இலேசான கியரைப் படபடவென்று சுழற்றுவார். ஆம்ஸ்ட்ரோங்கின் ஏழு பட்டங்களும் 2012இல் பறிக்கப்பட்டன. அந்தக் காலத்து நேரங்களை ஊக்கமருந்தின் நிழலில் வைத்தே பார்க்க வேண்டும்.

கியரையும் மறக்கக்கூடாது. பந்தானி காலத்தில் போல முன் பல்சக்கரத்தில் 39 பல், பின்னால் 23 பல் என்றால், பத்து வீத ஏற்றத்தில் மணிக்கு 15 கிலோமீற்றரில் போகும் வீரரின் கால் நிமிடத்துக்கு 70 சுற்றுத்தான் சுற்றும். இன்று போல முன்னால் 36, பின்னால் 30 பல் இருந்தால் அதே வேகத்தில் கிட்டத்தட்ட 100 சுற்று. பந்தானி எழும்பியதில் அவருடைய மனசுக்கு ஒரு பங்கு, அந்தக் காலத்துப் பிரீவீலுக்கும் (பின் பல்சக்கரத்துக்கும்) ஒரு பங்கு. இன்று தாடேய் பொகாச்சர் பல தடவை சீட்டில் இருந்தே தாக்குதல் தொடங்குகிறார். 2024இல் பிரான்ஸின் பிளாத்தோ டி பெய் ஏற்றத்தில் பந்தானியின் 1998 நேரத்தை மூன்று நிமிடங்களுக்கு மேல் முறியடித்தார்.

எங்கள் ஊருக்கு வேண்டிய ஒன்றையும் சொல்ல வேண்டும். 340 வாற்றைப் பெடலில் கொடுக்கும் உடம்பு 1,000 வாற்றுக்கு மேல் வெப்பத்தையும் உண்டாக்குகிறது, சூடான ஒரு மின் அயன் பெட்டியைப் போல. ஏற்றத்தில் வேகம் குறைவு, குளிர்விக்கக் காற்றும் குறைவு. அப்படியிருக்க, ஓட்டத்தின் நடுவில் தண்ணீர் குடித்தால் வயிறு பிடிக்கும் என்று பிள்ளைகளைத் தடுக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. சித்திரை வெயிலில் நடந்த ஒரு சைக்கிள் போட்டியில் அப்படித் தடுக்கப்பட்ட பிள்ளை மயங்கி விழுந்ததைக் கண்ணால் கண்டவன் நான். இது ஆபத்தான மூடநம்பிக்கை, விட்டுவிட வேண்டும். வெற்றிக் கிண்ணத்துக்குச் செலவழிக்கும் காசில் பெடல் வலுவை அளக்கும் ஒரு கருவியை மாவட்டத்துக்கு ஒன்றாவது வாங்கினால், எங்கள் பிள்ளைகளின் கால்களைப் பற்றி நாங்களே ஆராய்ச்சி செய்யலாம்.

கியரே இல்லாத சைக்கிளில் என்ன செய்வது? உவர்மலை ஏற்றத்தில் காலையில் வரும் ஒரு மீன் வியாபாரியை நான் பார்ப்பதுண்டு. கரியரில் ஐஸ் போட்ட மீன் பெட்டி. அந்தப் பாரத்தோடு சைக்கிளை ஆட்ட முடியாது, ஆட்டினால் பெட்டி இழுத்து விழுத்திவிடும். அவர் றோட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு வளைந்து வளைந்து ஏறுகிறார். ஏறும் உயரம் அதே உயரம், போகும் தூரம் கூடுகிறது, ஒவ்வொரு மிதிக்கும் வேண்டிய விசை குறைகிறது. றோட்டையே கியராக மாற்றிவிட்டார். கடைசி வளைவில் மட்டும், ஏற்றம் இன்னும் செங்குத்தாகும் இடத்தில், அவருடைய சாரம் சீட்டை விட்டு ஒரு விரற்கடை உயர்கிறது, இரண்டு கையும் ஹாண்டிலை மேலே இழுக்கின்றன.