'ஒய்' அழுத்துவதற்கு முன் அந்தப் பட்டியலைப் படியுங்கள்

"அண்ணா, ரீபூட் பண்ணேன். அதுக்கப்புறம் பிங்கே வரல."

சர்வரிடமிருந்து பதிலே இல்லை என்று போனில் சொன்ன தம்பி எங்கள் குழுவில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கடைசியாக என்ன செய்தாய் என்று கேட்டேன். ஒரு புரோகிராமுக்கு வேறு பைத்தான் வெர்ஷன் தேவைப்பட்டிருக்கிறது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடலாம் என்று நினைத்து, அந்த உபுண்டு லினக்ஸ் சர்வரில் 'சூடோ ஆப்ட் ரிமூவ் பைத்தான்3' கொடுத்திருக்கிறான். (ஆப்ட் என்பது உபுண்டுவில் புரோகிராம்களைப் போடவும் எடுக்கவும் உள்ள கருவி. சூடோ என்றால் நிர்வாகி அதிகாரத்தோடு ஓடவிடு என்று அர்த்தம்.) திரை நிறையப் பெயர்கள் ஓடின, கேள்வி வந்தது, 'ஒய்' அழுத்தினேன் என்றான். பிறகு ஒரு மணி நேரம் எல்லாம் சரியாகவே ஓடியிருக்கிறது. அதனால் சந்தேகம் வரவில்லை.

அந்தப் பெயர்களில் ஒன்று நெட்பிளான். உபுண்டு சர்வரில் ஐபி முகவரி, கேட்வே போன்றவற்றை நாம் ஒரு யாமல் ஃபைலில் எழுதி வைக்கிறோம். பூட் ஆகும்போது அதைப் படித்து நெட்வொர்க் சேவைக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது நெட்பிளான்தான். அது பைத்தானைச் சார்ந்த பேக்கேஜ் (ஆப்ட் கையாளும் புரோகிராம் தொகுப்பு) என்பதால் பைத்தானோடு சேர்ந்து போய்விட்டது. ஏற்கெனவே கெர்னலில் ஏறியிருந்த முகவரி ரீபூட் வரைக்கும் தாங்கியது. அதன் பிறகு சர்வருக்குத் தன் முகவரியே தெரியவில்லை. இதே பட்டியலில் யூஎஃப்டபிள்யூவும் இருந்தது. அதுவும் பைத்தானில் எழுதப்பட்ட ஃபயர்வால் கருவி. நெட்வொர்க் மட்டும் எப்படியோ தப்பித்து மேலே வந்திருந்தால், அந்த மெஷின் காவல் இல்லாமல் இணையத்தில் நின்றிருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு இன்றும் உறுத்துவது அதுதான்.

இன்ஸ்டால் செய்யும்போது காட்டும் கவனத்தில் பாதியைக்கூட நாம் நீக்கும்போது காட்டுவதில்லை. புதிதாக ஒன்றைப் போடும்போது எங்கிருந்து வருகிறது, எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பார்க்கிறோம். எடுப்பது என்றால் குப்பை அள்ளுவது போல எண்ணம். உண்மையில் ஒரு பேக்கேஜை எடுக்கச் சொன்னால், அதை நம்பி நிற்கும் எல்லாவற்றையும் ஆப்ட் சேர்த்தே எடுக்கும். அது பிழை இல்லை. அடித்தளம் இல்லாமல் மேல்தளத்தை மட்டும் விட்டுவைக்க அதற்கு வழியில்லை. நம்மிடம் சொல்லாமலும் செய்வதில்லை. எதெல்லாம் போகப்போகிறது என்று பெயர் பெயராகக் காட்டி, அனுமதி கேட்டுவிட்டுத்தான் செய்கிறது. அந்தக் கேள்வியில் 'ஒய்' பெரிய எழுத்திலும் 'என்' சிறிய எழுத்திலும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். எதுவும் டைப் செய்யாமல் வெறும் என்டர் தட்டினாலும் சம்மதம் என்றே அர்த்தம்.

அவசரத்தில் முழுப் பட்டியலையும் படிக்க முடியவில்லை என்றால், எத்தனை அப்கிரேட், எத்தனை புதியது, எத்தனை நீக்கம் என்று எண்ணிக்கை சொல்லும் அந்த ஒரு வரியையாவது பாருங்கள். ஒன்றை எடுக்கச் சொன்ன இடத்தில் 60 என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இன்ஸ்டால் செய்யும்போது நீக்கம் என்ற இடத்தில் பூஜ்யம் தவிர வேறு எண் வந்தாலும் அப்படித்தான். 2021-இல் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற கேம் தளத்தை இன்ஸ்டால் செய்யப்போன ஒருவரின் டெஸ்க்டாப்பே காணாமல் போன வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு ரெப்போவில், அதாவது பேக்கேஜ்கள் வரும் களஞ்சியத்தில், ஒரு டிபெண்டன்சி (எது எதைச் சார்ந்தது என்ற) சிக்கல் இருந்தது உண்மை. ஆனால் டெஸ்க்டாப் பேக்கேஜ்கள் போகப்போகின்றன என்று ஆப்ட் எச்சரித்தது. ஒரு முழு வாக்கியத்தை டைப் செய்தால்தான் தொடர்வேன் என்றும் நின்றது. அந்த வாக்கியமும் டைப் செய்யப்பட்டது. அதற்குப் பிறகு ஆப்ட் இன்னும் கறாராக மாறிவிட்டது. மிக அவசியமான பேக்கேஜ்களை நீக்க இப்போது அதற்கென்று தனி ஆப்ஷனே கொடுக்க வேண்டும்.

முன்கூட்டியே பார்த்துக்கொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. கமாண்டில் ஹைஃபன் எஸ் சேர்த்தால், ஆப்ட் எதையும் தொடாமல், செய்தால் என்ன நடக்கும் என்பதை மட்டும் காட்டும். சூடோகூட வேண்டாம். இதற்கு நேர் எதிரானது ஹைஃபன் ஒய். கேள்வியே கேட்காதே, எல்லாவற்றுக்கும் சரி என்று அர்த்தம். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பலவற்றில் இதைச் சேர்த்தே எழுதுகிறார்கள். காப்பி செய்யும்போது அந்த இரண்டு எழுத்தையும் அழித்துவிட்டு ஒட்டுங்கள். கண்டெய்னர் இமேஜ் தயாரிக்கும் ஸ்கிரிப்டில் அது இருக்கட்டும், அங்கே கெட்டால் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் வேண்டாம்.

ஃபெடோரா என்ற லினக்ஸில் ஆப்ட்டுக்குப் பதிலாக டிஎன்எஃப் பயன்படுத்துவோருக்கு ஒரு வார்த்தை: அங்கே ரிமூவ் கொடுத்தாலே, இனி யாருக்கும் தேவைப்படாத டிபெண்டன்சிகளும் சேர்ந்தே போகும். ஆப்ட்டில் அதற்கு ஆட்டோரிமூவ் என்று தனியாகச் சொல்ல வேண்டும். வேறொன்றின் துணையாக வந்து, இப்போது நீங்கள் நேரடியாகப் பயன்படுத்தும் கருவி ஏதாவது இருந்தால், 'ஆப்ட்-மார்க் மேனுவல்' கொடுத்து உங்களுடையது என்று பதிந்துவிடுங்கள். ஆட்டோரிமூவ் அதைத் தொடாது.

ரிமூவுக்கும் பர்ஜுக்கும் உள்ள வித்தியாசம் அன்று எங்களைக் காப்பாற்றியது. ரிமூவ் புரோகிராமை எடுத்துவிட்டு, எட்சி டைரக்டரியில் உள்ள கான்ஃபிக் (அமைப்பு) ஃபைல்களை விட்டுவைக்கும். ஆப்ட்டுக்கு அடியில் வேலை செய்யும் கருவி டிபிகேஜி; 'டிபிகேஜி ஹைஃபன் எல்' கொடுத்தால் அப்படிப்பட்ட பேக்கேஜ்களின் முன்னால் 'ஆர்சி' என்று இருக்கும். பர்ஜ் அவற்றையும் துடைத்துவிடும். தம்பி பர்ஜ் கொடுத்திருந்தால் ஃபயர்வால் விதிகளை மறுபடியும் முதலிலிருந்து எழுதியிருக்க வேண்டும். டேட்டாபேஸ் பேக்கேஜ்களில் இது இன்னும் தீவிரம். போஸ்ட்கிரெஸ் சர்வரை பர்ஜ் செய்யும்போது, தரவு இருக்கும் டைரக்டரிகளையும் அழிக்கட்டுமா என்று ஒரு கேள்வி வரும். என்டர் தட்டியே பழகிய விரல் அங்கே நிற்காது. பேக்கப் எடுக்காமல் பர்ஜ் என்று டைப் செய்யாதீர்கள்.

பைத்தான் விஷயத்துக்கு வருகிறேன். சிஸ்டத்தோடு வரும் பைத்தான் நமக்காக வைக்கப்பட்டதில்லை, சிஸ்டத்துக்காக. அதை நீக்கவோ, அதன் மேல் சூடோ பிப் (பைத்தான் லைப்ரரிகளைப் போடும் கருவி) போட்டு நிரப்பவோ வேண்டாம். உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனில் 12-ஆவது வெர்ஷன் முதல், அதாவது 2023-இலிருந்து, பிப் தானாகவே மறுத்துவிடுகிறது. அந்த மறுப்பைத் தாண்டும் ஆப்ஷனின் பெயரே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'. அதைச் சேர்த்துத் தொடரச் சொல்லும் குறிப்பு எங்கே இருந்தாலும் அதை நம்பாதீர்கள். நம் லைப்ரரிகளைத் தனி டைரக்டரியில் வைக்கும் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்க அரை நிமிடம் போதும், வேண்டாம் என்றால் அந்த டைரக்டரியை அழித்தால் முடிந்தது.

கர்ல் என்ற டவுன்லோடு கருவி மூலம் ஒரு ஸ்கிரிப்டை இறக்கி, நிர்வாகி அதிகாரத்தோடு ஓடும்படி அப்படியே சூடோ பாஷுக்குத் தள்ளும் முறையை நான் தவிர்ப்பதும் இதனால்தான். அதில் படிப்பதற்குப் பட்டியலே வருவதில்லை. எந்த ஃபைல் எங்கே போனது என்று டிபிகேஜிக்கும் தெரியாது. நாளை எடுக்க வேண்டும் என்றால் ஸ்கிரிப்டைத் தேடிப் பிடித்து வரி வரியாகப் பின்னோக்கிப் போக வேண்டும். வேறு வழியே இல்லை என்றால் முதலில் ஃபைலாகச் சேமித்து, படித்துவிட்டு ஓடவிடுங்கள்.

அன்றைக்கு, நெட்வொர்க் தேவைப்படாத கன்சோல் வழியாக சர்வருக்குள்ளே போனோம். ஐபி முகவரியையும் ரூட்டையும் கையால் கொடுத்து, ரிசால்வ் கான்ஃப் ஃபைலில் ஒரு நேம்சர்வரை எழுதியதும் இணையம் வந்தது. ஆப்ட் சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதப்பட்டது என்பதால் பைத்தான் போன பிறகும் அது வேலை செய்தது. எதெல்லாம் போனது என்பது வார் லாக்கில், ஆப்ட் டைரக்டரிக்குள் இருக்கும் ஹிஸ்டரி லாக்கில் அப்படியே இருந்தது: கொடுத்த கமாண்ட், நேரம், நீக்கப்பட்ட ஒவ்வொரு பேக்கேஜும் அதன் வெர்ஷனும். கீழே அந்த நீளமான வரியைத் தம்பி வாசிக்க வாசிக்க, நான் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டேன். நெட்பிளான் பெயர் வந்ததும் ஒரு நிமிடம் நிறுத்தினான். "இது அப்பவே ஸ்கிரீன்ல இருந்துச்சாண்ணா?" என்று கேட்டான். நாலாவது வரியில் இருந்தது.