வேலை முடிந்ததா என்று கெர்னலைக் கேளுங்கள்

"பைதான் ஸ்கிரிப்டிலிருந்து எஃப்எஃப்எம்பெக்கை ஓடவிட்டு வீடியோவை மாற்றுகிறேன். அடுத்த வரி அந்தக் கோப்பைத் திறந்தால் பாதிதான் இருக்கிறது. நடுவில் பத்து விநாடி ஸ்லீப் போட்டால் சில நாள் சரியாக வருகிறது, சில நாள் வருவதில்லை. ஏன்?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

பத்து விநாடி என்பது வெறும் ஊகம். வீடியோ கொஞ்சம் நீளமாக இருந்தாலே போதாது. வேலை முடிந்த கணம் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குத்தான் தெரியும்.

யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில், ஃபோர்க் என்ற கெர்னல் அழைப்பு ஒரு பிள்ளை ப்ராசஸை (ப்ராசஸ் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) உண்டாக்கும். எக்ஸெக் அதற்குள் புது நிரலை ஏற்றும். பெல் ஆய்வகத்தின் பிடிபி-7 கணினியில் ஃபோர்க்கை எழுத 27 வரி அசெம்பிளியே போதுமாக இருந்தது என்று எழுதியிருக்கிறார் யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி. மல்டிக்ஸ் என்ற இயங்குதளத் திட்டத்திலிருந்து 1969இல் ஆய்வகம் விலகிய பிறகு, புதுக் கணினி கேட்டும் கிடைக்காமல், அதிகம் யாரும் தொடாத இயந்திரத்தில் பிறந்த வேலை அது. ஆராய்ச்சிக்குப் பணம் தருபவர்கள் "இதனால் என்ன பயன்?" என்று முதல் நாளே கேட்கக் கூடாது என்று நான் வாதாடுவது இதனால்தான்.

இந்த அழைப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது வெயிட். தாய் ப்ராசஸ் அதை அழைத்ததும் கெர்னல் தாயைத் தூங்க வைத்துவிடும். "முடிந்ததா, முடிந்ததா?" என்ற நச்சரிப்பு கிடையாது, சிபியு நேரமும் செலவாகாது. பிள்ளை முடிந்ததும் அதன் நினைவகத்தையும் திறந்திருந்த கோப்புகளையும் கெர்னல் விடுவிக்கும். ஆனால் ப்ராசஸ் பட்டியலில் அதன் வரியை மட்டும் அழிக்காது. ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையில் இசட் என்று தெரியும் 'ஜோம்பி' அதுதான். அந்த வரியில் முடிவு எண் காத்திருக்கும்: 0 என்றால் வெற்றி, மற்றவை பெரும்பாலும் பிழை. தாய் எழுந்து எண்ணை வாங்கிய பிறகே வரி மறையும். தாய் வெயிட்டை அழைக்கும் முன்பே பிள்ளை முடிந்துவிட்டால்? அப்போதும் சேதி தொலையாது. தாயே முதலில் இறந்துவிட்டால், வழக்கமாக 1ஆம் எண் ப்ராசஸ் பிள்ளையைத் தத்தெடுத்து எண்ணை வாங்கிக்கொள்ளும். ஜோம்பியைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை; கேட்டு வாங்க ஆளில்லாமல் அவை குவியும்போதுதான் சிக்கல்.

வாசகர் பயன்படுத்துவது பைதானின் சப்ப்ராசஸ் தொகுப்பிலுள்ள பாப்பன் ஆக இருக்க வேண்டும். அது நிரலைத் தொடங்கிவிட்டு உடனே திரும்பிவிடும். அதே தொகுப்பின் ரன், நிரல் முடியும்வரை காத்திருக்கும். அதில் செக் என்பதை ட்ரூ ஆக்கினால், முடிவு எண் 0 இல்லாதபோது ஸ்கிரிப்ட் அங்கேயே பிழை காட்டி நிற்கும். பாப்பனே வேண்டுமென்றால் ஒரு எச்சரிக்கை: வெளியீட்டைப் பைப்பில் (இரு ப்ராசஸ்களுக்கு இடையிலான தரவுக் குழாயில்) வாங்கி, படிக்காமல் வெயிட் மட்டும் போடாதீர்கள். லினக்ஸில் பைப் வழக்கமாக 65,536 பைட்தான் தாங்கும். நிரம்பினால் பிள்ளை எழுத முடியாமல் நிற்கும், தாய் அது முடியட்டும் என்று நிற்கும். பாப்பனின் கம்யூனிகேட் படித்துக்கொண்டே காத்திருக்கும், அதைப் போடுங்கள்.