கலந்த பிறகு எரியட்டும்

கானாடுகாத்தானிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "கல்யாணத்துக்கு ஜெனரேட்டர் வைத்தால் வெள்ளைச் சுவரெல்லாம் கரி படிகிறது. எஞ்சினுக்குள்ளேயே புகையைக் குறைக்க வழி உண்டா?"

உண்டு. குத்துவிளக்குச் சுடருக்கு மேல் தட்டைக் கவிழ்த்தால் கண்மை கிடைக்கும். கேஸ் அடுப்பின் நீலச் சுடரில் கிடைக்காது. விளக்கில் எண்ணெய் ஆவி எரிந்துகொண்டே காற்றைத் தேடுகிறது. அடுப்பிலோ கேஸும் காற்றும் பர்னருக்குள் கலந்துவிட்டுத்தான் எரிகின்றன. காற்றுத் துளையில் அழுக்கு அடைத்தால் அதே கேஸ் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியைக் கரியாக்கிவிடும்.

டீசல் எஞ்சின் குத்துவிளக்கு இனம். பிஸ்டன் காற்றை அமுக்கிச் சூடாக்குகிறது, நாசில் என்ற நுண்துளை முனை டீசலைப் பீய்ச்சுகிறது, தானாகப் பற்றிக்கொள்கிறது. தெளிப்பின் நடுவே காற்று போதாமல் கரி உண்டாகும். ஓரத்தில் சூடு 2,300 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதால் காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு ஆகும். பீய்ச்சும் நேரத்தை மட்டும் மாற்றினால் ஒன்று குறைய மற்றது ஏறும். இரண்டையும் சேர்த்துக் குறைக்க வேண்டுமானால் முன்பே கலந்திருக்க வேண்டும், எரியும் சூடும் ஏறத்தாழ 1,900 டிகிரிக்குள் நிற்க வேண்டும்.

கலக்க நேரம் வேண்டுமே! 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தரும் பெரிய ஜெனரேட்டர்கள் நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடுகின்றன. அதாவது ஒரு மில்லி விநாடிக்குள், பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் 9 டிகிரி திரும்பிவிடும். வழக்கமாக டீசல் பற்றிக்கொள்ள ஏறத்தாழ அந்த ஒரு மில்லி விநாடிதான் ஆகிறது. நாசில் மூடுவதற்குள் தீ வந்துவிடுகிறது.

அந்தச் சிறு இடைவெளியில் நடப்பதுதான் இதில் அழகு. டீசல் மூலக்கூறு ஒரேயடியாக எரிவதில்லை. முதலில் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு மெல்ல உடைகிறது. மங்கிய நீல ஒளியோடு ஒரு 'குளிர்சுடர்' வந்து தணிகிறது. அப்போது ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்கிறது, புண் கழுவுகிறோமே, அதேதான். 700 டிகிரியை நெருங்கும்வரை அது பெரும்பாலும் உடையாமல் காத்திருக்கும். அந்தச் சூடு வந்ததும் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு ஹைட்ராக்சில் துணுக்குகளாகப் பிளக்கும். அவை எதிர்ப்பட்ட டீசலையெல்லாம் தாக்க, தீ மூளும். ஆக, பெராக்சைடு உடையும் வேளையைத் தள்ளிப்போட்டால் கலப்பதற்கு நேரம் கிடைத்துவிடும்.

தள்ளிப்போடுவது ஈஜிஆர், அதாவது புகை மறுசுழற்சி. வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் குளிரவைத்து மறுபடி உள்ளே விடுகிறார்கள். உள்ளிழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காட்டிலிருந்து 15 அளவுக்கு இறங்கும், வினை மந்தமாகும். கூடவே வரும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் சூட்டை வாங்கிக்கொள்வதால் நைட்ரஜன் ஆக்சைடும் அடங்கும். தாமதம், தணிப்பு இரண்டையும் ஒரே குழாய் பார்த்துக்கொள்கிறது.

கோளாறுகளும் உண்டு. ரொம்ப முன்னதாகப் பீய்ச்சினால் காற்று இன்னும் அடர்த்தியாகியிருக்காது. டீசல் சிலிண்டர் சுவரில் மோதி, ஆயிலைக் கழுவிக்கொண்டு, அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் இறங்கி ஆயிலை நீர்க்கவைக்கும். ஈஜிஆர் மிஞ்சினால் சூடு 1,200 டிகிரியைக்கூட எட்டாமல் கார்பன் மோனாக்சைடு அப்படியே வெளியேறும். சுமை ஏறினால் கலந்ததெல்லாம் ஒரே நொடியில் பற்றி எஞ்சின் தட்டும். ஆகவே முழுச் சுமைக்கு இது சரிப்படாது. ஆனால் வேகம் மாறாமல், பெரும்பாலும் நடுத்தரச் சுமையில் ஓடும் ஜெனரேட்டருக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்பேன்.

பட்டறைகளில் ஈஜிஆரைத் தகடு வைத்து அடைக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். கரும்புகை குறையலாம், கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு ஏறிவிடும். கரும்புகை வந்தால் இழுவை அதிகம் என்பதும் மூடநம்பிக்கை. அது காசு கொடுத்து வாங்கிய டீசல்.

பழைய எஞ்சினில் குழாயை மட்டும் மாட்டினாலும் பயனில்லை. சித்திரை மதியத்துக் காற்றில் தீ முந்தும், மார்கழி விடியலில் பிந்தும். சிலிண்டர் அழுத்தத்தையும் ஆக்சிஜனையும் உணரிகள் அளந்து சொல்ல, அடுத்த பீய்ச்சலைக் கணினி நகர்த்த வேண்டும். அந்த ஆக்சிஜன் உணரி சிர்கோனியா என்ற பீங்கானால் ஆன ஒரு மின்வேதிக் கலம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து காரைக்குடிக்குக் கொண்டுவந்த 'சிக்ரி'யின், அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் துறையே அதுதான். பேட்டரிக்கு ஒதுக்குகிற ஆய்வுப் பணத்தில் ஒரு பங்கை இந்த மலிவு உணரிக்கும் ஒதுக்கினால், வாடகை ஜெனரேட்டர் வரைக்கும் இந்த முறை வந்து சேரும்.