‘ஃபேர் சான்ஸ்’ என்றால் நூற்றுக்கு எத்தனை?

1961 பிப்ரவரியில், கியூபாவில் படை இறக்கும் ரகசியத் திட்டத்தை ஆராய்ந்த அமெரிக்க முப்படைத் தலைமை, அது இறுதியில் வெற்றிபெற ‘ஃபேர் சான்ஸ்’ (ஓரளவு நல்ல வாய்ப்பு) இருப்பதாக அறிக்கை அளித்தது. ஆய்வுக் குழுவை வழிநடத்திய டேவிட் கிரே, தாங்கள் மனத்தில் வைத்திருந்தது ஏறத்தாழ 30 விழுக்காடு வாய்ப்புதான் என்று பின்னாளில் கூறினார். அறிக்கையில் அந்த எண் இடம்பெறவில்லை. படித்தவர்களுக்கோ அத்தொடர் ஊக்கம் தருவதாகவே பட்டது. அத்திட்டத்தின் விளைவாக ஏப்ரலில் நடந்த பன்றிகள் விரிகுடாப் படையெடுப்பு சில நாட்களிலேயே முறியடிக்கப்பட்டது. கரையிறங்கும் இடமே இடையில் மாற்றப்பட்டிருந்ததால், தோல்விப் பழி முழுவதையும் ஒரு சொற்றொடரின் மேல் போடுவது நியாயமாகாது. ஆனால் எழுதியவர் எண்ணியதும் படித்தவர் எண்ணியதும் இவ்வளவு விலகியது எப்படி என்பது கேட்கவேண்டிய கேள்விதான்.

இந்த விலகல் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே அளந்து பார்க்கப்பட்டிருந்தது. யூகோஸ்லாவியா மீது 1951இல் தாக்குதல் நிகழ்வது ‘சீரியஸ் பாசிபிலிட்டி’ (புறக்கணிக்க முடியாத சாத்தியம்) என்று அமெரிக்க உளவு மதிப்பீடு ஒன்று கூறியது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஷெர்மன் கென்ட், தாம் கருதியது 65 விழுக்காடு என்றார். பிறகு அதே வாசகத்துக்கு ஒப்புதல் தந்த சக அதிகாரிகளைக் கேட்டபோது, அவர்களுடைய விடைகள் 20இலிருந்து 80 விழுக்காடு வரை பரவியிருந்தன. ஒரே மேசையில் அமர்ந்து எழுதியவர்களிடையே இந்த நிலை!

இத்தகைய தொடர்கள் அளவை மட்டும் சொல்வதில்லை, கேட்பவரின் கவனத்தை ஒரு பக்கமாகத் திருப்பியும் விடுகின்றன. நார்வே உளவியலாளர் கார்ல் ஹால்வர் டைகனும் அவருடைய சக ஆய்வாளரும் 1999இல் இதைச் சோதித்தார்கள். ஒரு சிகிச்சை பலனளிக்க ‘ஓரளவு வாய்ப்பு உண்டு’ என்று கேட்டவர்களும், அது பலனளிப்பது ‘உறுதியில்லை’ என்று கேட்டவர்களும் ஏறக்குறைய ஒரே விழுக்காட்டைத்தான் ஊகித்தார்கள்; ஆனால் சிகிச்சையைப் பரிந்துரைத்தோர் முதல் குழுவில்தான் மிக அதிகம். ‘உண்டு’ என்பது நடப்பதற்கான காரணங்களையும், ‘இல்லை’ என்பது நடக்காமல் போவதற்கான காரணங்களையும் தேடவைக்கிறது. ‘ஃபேர் சான்ஸ்’ நடக்கும் பக்கம் சாய்ந்த தொடர். முப்பது விழுக்காட்டை அதனால் குறித்தால், மீதி எழுபது கேட்பவரின் பார்வையிலிருந்து நழுவிவிடுகிறது. நிகழ்வு எவ்வளவு கடுமையானது, வழக்கமாக எவ்வளவு அடிக்கடி நேர்வது என்பவையும் பொருளை நகர்த்துகின்றன.

அன்றாடப் பேச்சில் இதனால் பெரிய கேடில்லை. மற்றவர் முடிவெடுக்கப்போகும் இடத்தில் எழுதும்போது, என் கருத்தில், இத்தகைய தொடரை எண் இல்லாமல் தனியே விடக்கூடாது. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு, ‘லைக்லி’ (நிகழக்கூடியது) என்றால் 66 விழுக்காட்டுக்குக் குறையாதது, ‘வெரி லைக்லி’ (நிகழ மிகவும் வாய்ப்புள்ளது) என்றால் 90க்குக் குறையாதது என்று தன் சொற்களுக்கு எல்லை வகுத்துள்ளது. ஆனால் இந்த எல்லைகளைக் காட்டும் அட்டவணை மட்டும் போதவில்லை. டேவிட் புடெஸ்குவும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், அட்டவணை கையில் இருந்தும் வாசகர்கள் அச்சொற்களை வரையறையிலிருந்து விலகி, 50 விழுக்காட்டின் பக்கம் சாய்த்தே புரிந்துகொண்டனர்; வாக்கியத்துக்குள்ளேயே சொல்லின் அருகில் எண்ணையும் எழுதியபோது புரிதல் வரையறையை நெருங்கியது.