நாலு பாட்டில் ஏறினால் நாலு வேளைச் சாப்பாடா?

மறுபடியும் அதே கதை. குடல் ஆபரேஷன் ஆனவர், ஒரு வாரத்துக்கு மேல் வாய்வழியே எதுவும் இல்லை, தோளெலும்பு துருத்திக்கொண்டு எங்கள் வார்டுக்கு வருகிறார். சத்துக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்டால், "தினமும் நாலு பாட்டில் ஏத்தினாங்களே டாக்டர்" என்கிறார் மகன், நிம்மதியாக.

அந்த பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். டெக்ஸ்ட்ரோஸ் 5 சதவீதம், 500 மில்லி. அதாவது 25 கிராம் சர்க்கரை, சுமார் 85 கலோரி. இரண்டு இட்லிக்குக்கூடத் தேறாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 1500 கலோரி வேண்டும். அதை இந்த பாட்டிலிலேயே கொடுப்பதென்றால் 17, 18 பாட்டில், கிட்டத்தட்ட 9 லிட்டர் தண்ணீர்! அப்போதும் புரதம் பூஜ்யம். சலைன் என்றால் கலோரியே கிடையாது. நீர்ச்சத்துக்கு ஏற்றுவதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ரத்தக்குழாய் வழியே முழு உணவு கொடுக்கும் டிபிஎன் வேறு. அமினோ அமிலம், குளுக்கோஸ், கொழுப்பு என மூன்று அறை கொண்ட பை. அழுத்திக் கலந்தால் பால் மாதிரி வெளுக்கும். வைட்டமின்களைத் தனியாகச் சேர்க்க வேண்டும் (இதை மறக்கும் டாக்டர்களும் உண்டு, என்ன சொல்ல!). அடர்த்தி அதிகம் என்பதால் கை நரம்பு தாங்காது. பெரும்பாலும் கழுத்திலுள்ள பெரிய ரத்தக்குழாயில் லைன் (மெல்லிய குழாய்) போடுவோம்.

இதைச் சொன்னதும் அடுத்த கோரிக்கை: "அப்போ மூக்கு வழியா சாப்பாடு கொடுக்கிற டியூப் வேண்டாம், செலவானாலும் பரவாயில்லை, இதையே போடுங்க." மாட்டோம். குடல் வேலை செய்தால் சாப்பாடு குடலுக்குத்தான். டிபிஎன்னில் கிருமித் தொற்று, கல்லீரல் பாதிப்பு, எகிறும் சர்க்கரை எல்லாம் கூடவே வரும். குடல் அடைபட்டவர், பெரும்பகுதி வெட்டி எடுக்கப்பட்டவர், குறைமாதக் குழந்தை போன்றவர்களுக்கு வேறு வழியில்லாதபோது இது உயிர் காக்கும்.

பல நாள் பட்டினி கிடந்தவருக்கு முதல் நாளே முழு அளவு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயமே தடுமாறலாம். அதனால்தான் முதலில் தயாமின் (வைட்டமின் பி1), அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக. "ஏன் இவ்வளவு மெதுவா ஏறுது" என்று பம்ப்பின் பொத்தானைத் தயவுசெய்து அமுக்காதீர்கள். பாத்ரூம் போவதற்காகக் கழற்றிவிடவும் வேண்டாம். சிஸ்டர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த லைனில் ரத்தம் எடுப்பதோ வேறு மருந்து போடுவதோ கூடாது.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் லைனில் கிருமித் தொற்றாக இருக்கலாம்; ஏசி அதிகம் என்று போர்வையை இழுத்துவிட்டு உட்காராதீர்கள். உடனே கூப்பிடுங்கள், நடுராத்திரியானாலும் சரி.