ரைபேரியன்: சிலந்திகளை வைத்து ஒரு சொல் விளக்கம்

ஆற்றை ஒட்டி வாழும் சிலந்திகளைப் பற்றி எதைப் படிக்க எடுத்தாலும் 'ரைபேரியன்' (riparian) என்ற ஆங்கிலச் சொல் வந்துவிடும். தமிழில் எழுதும்போது சிலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள், சிலர் 'கரையோர' என்று போடுகிறார்கள். இரண்டிலுமே எனக்கு உடன்பாடில்லை.

இலத்தீனில் 'ரீபா' என்றால் ஆற்றின் கரை. 'ரிபாரியுஸ்' என்றால் கரையைச் சேர்ந்தது. ஆற்றோர மண்சுவரில் பொந்து குடைந்து வாழும் ஒரு தகைவிலான் குருவிக்கு அறிவியல் பெயரே ரிபாரியா ரிபாரியா. ஆங்கிலத்தின் 'ரிவர்' கூட இந்த ரீபாவிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்ததுதான். கரைக்கு வைத்த பெயர் மெல்ல ஆற்றுக்கே பெயராகிவிட்டது. வந்து சேர்வதைச் சொல்லும் 'அரைவ்' என்பதன் மூலப் பொருளும் கரைக்கு வருதல். நாமும் 'கரை சேர்ந்தான்' என்கிறோமே, அதே நினைப்பு. போட்டியாளரைச் சொல்லும் 'ரைவல்' மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. அது ஓடையைக் குறிக்கும் 'ரீவுஸ்' வழி வந்த சொல்.

சட்டத்தில் ரைபேரியன் என்பது ஆற்றை ஒட்டி நிலம் உள்ளவருக்கு அந்த நீரில் இருக்கும் உரிமையைப் பற்றியது. சூழலியலில், நீரும் நிலமும் ஒன்றுக்கொன்று இரை கொடுத்து வாழும் பட்டையைக் குறிக்கிறது. அந்தக் கொடுக்கல் வாங்கலைச் சிலந்திகளிடம் நன்றாகப் பார்க்கலாம்.

நீள்தாடைச் சிலந்தி, அதாவது டெட்ரக்னாத்தா, நீருக்கு மேலே சாய்வாகவோ கிடையாகவோ வலை கட்டும். நீருக்குள் வளர்ந்து, சிறகு முளைத்து மேலே எழும் கொசு போன்ற பூச்சிகளும் ஈசல் போன்ற பூச்சிகளும் நேராக அதில் போய் மாட்டும். கிட்டப் போனால் சிலந்தி முன்கால்களை முன்னால் நீட்டி, ஒரு புல் தண்டோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். தண்டின் கணு என்றே நினைப்போம்.

சரி, ஆறு வற்றினால்? 2021-இல் வெளியான ஓர் உலகளாவிய மதிப்பீட்டின்படி, உலக ஆறுகளின் மொத்த நீளத்தில் 51 முதல் 60 சதவீதம் வரை ஆண்டில் ஒரு நாளாவது ஓட்டம் நின்றுபோகிறது. ஆகவே இது அபூர்வமான கேள்வி இல்லை. நீர் போனதும் அந்தப் பூச்சிகள் எழுவது நிற்கும், அவற்றை நம்பியிருந்த வலைகளுக்கு இரை குறையும். ஓநாய்ச் சிலந்திகளுக்கு வலை கிடையாது, ஓடித்தான் பிடிக்க வேண்டும். அவை காய்ந்த ஆற்றுத் தரைக்குள்ளேயே இறங்கிவிடும். கல்லைப் புரட்டினாலோ வெடித்த வண்டல் பாளத்தைத் தூக்கினாலோ, பின்னால் முட்டைப்பையைக் கட்டி இழுத்துக்கொண்டு ஒரு தாய் ஓடும். அரிசோனாவின் சான் பெட்ரோ ஆற்றங்கரையில் நடந்த ஆய்வில், தண்ணீர் கிடைக்காத ஓநாய்ச் சிலந்திகள் சிள்வண்டுகளை அதிகமாகத் தின்றன, தண்ணீர் கொடுத்ததும் தின்பது குறைந்தது. இரையை அவை உணவாக மட்டுமல்ல, தண்ணீராகவும் எடுத்துக்கொள்கின்றன. இதைப் படித்த பிறகு வறண்ட ஆற்றை வெறும் மணலாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

இப்போது தமிழுக்கு வருவோம். 'கரையோரம்' என்று மட்டும் சொன்னால் கடற்கரையைத்தான் பலர் நினைப்பார்கள். 'படுகை' அழகான சொல், ஆற்றை ஒட்டிய நிலத்துக்கும் பொருந்தும். ஆனால் ஆறு பாயும் முழுப் பரப்பையும் அதே பெயரால் சொல்கிறோம், அதனால் இங்கே குழப்பும். நான் எழுதுவது 'ஆற்றங்கரை'. ஆற்றங்கரைச் சிலந்தி, ஆற்றங்கரைத் தாவரங்கள் என்று எதோடும் தடங்கலில்லாமல் சேரும்.

கரை வெறும் கோடுதானே, பட்டையைக் குறிக்குமா என்று கேட்கலாம். வேட்டியின் கரையைப் பாருங்கள். அதற்கு அகலம் உண்டு. ஒட்டுப்போட்டுத் தைத்ததும் இல்லை, அதே தறியில் அதே துணியோடு நெய்தது. நீர் வற்றிய மாதங்களில் ஆற்றின் நடுவே ஓடித் திரிந்தாலும் ஓநாய்ச் சிலந்தியை ஆற்றங்கரைச் சிலந்தி என்றே எழுதலாம்.